இடது காலின் இரண்டாம் விரல்

ஹா லெகாரா, லெரிபே, லெசோதோ
4 மார்ச் 1984

அன்புள்ள தம்பி லெபோனாவுக்கு,

அக்கா மாமோசா எழுதுவது. இந்தப் பக்கம் நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், நலமாகவும் இருக்கிறோம். உன் பக்கம் எப்படியென்று தெரியாததால் கேட்கிறேன். உன் மருமகள் மோசாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா வரும்போது வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். மழை இல்லை. மக்காச்சோளம் தலைக்கு மேல் நிற்க வேண்டிய நாளில் இடுப்பைத் தாண்டவில்லை.

கடிதத்தைப் படித்துச் சொல்லும் ஃபகிசோ அண்ணனுக்கும் என் வணக்கம். நம் அப்பா உன்னை மாட்டுக்குப் பின்னாலும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியதால் வந்த கூடுதல் வேலை அவருக்கு.

உன் அத்தான் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இடுப்புப் பட்டையில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார். நீ அவருடன் ஆறு வருடமாக ஒரே அறையில் கிடக்கிறாய், ஒரே சுரங்கத்தில் இறங்குகிறாய். அதனால்தான் உன்னிடம் கேட்டு எழுதினேன். உன் பதில் என்ன? "அத்தான் நலம், நன்றாகச் சாப்பிடுகிறார்." ஒரே வரி. அதே கடிதத்தில், வழியில் ஏதோ பண்ணையில் பார்த்த பசுவைப் பற்றி ஒரு பக்கம். அதன் கொம்பு வளைந்த விதம், அடிவயிற்று வெள்ளைத் திட்டு, பின்னங்காலைத் தூக்கி வைத்த நடை. மாட்டைப் பார்க்கும்போது மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வாயோ?

அவர் எப்படி இருக்கிறார் என்று இந்தத் தடவையாவது பார்த்து எழுது. ஜூன் குளிருக்கு முன்னால் ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்புகிறேன் என்று அவரிடம் சொல். நெஞ்சில் மஞ்சள் பட்டை வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மாமோசா


வெல்கம்
தென்னாப்பிரிக்கா
25 மார்ச் 1984

பெருமதிப்பிற்குரிய சகோதரி மாமோசா அவர்களுக்கு,

தங்கள் தம்பி லெபோனா வணங்கித் தெரிவிப்பது என்னவெனில், ஆண்டவர் கிருபையால் நான் இன்னும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். தங்கள் சுகத்தையும் மோசாவின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன்.

தங்கள் கடிதம் வந்தது. அத்தானும் கூட இருக்கும்போதுதான் படிக்கக் கேட்டோம். இடுப்புப் பட்டைத் துளை வந்த இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா, ஆண்பிள்ளை ஆண்பிள்ளையை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "என்னடா பாக்குற?" என்று அறை வாங்க வேண்டியிருக்கும். அவர் வேலைக்கு இறங்குகிறார், மேலே வருகிறார், களி தின்கிறார், தூங்குகிறார். நலம் என்றால் அதுதானே.

மாட்டைப் பற்றிக் கேலி செய்கிறீர்கள். அடைமழையில் நூறு மாடு கலந்து நின்றாலும் நம் அப்பாவின் மாட்டை நான் தனியே பிரித்துக் காட்டுவேன். அதுவும் கண்தான்.

தங்கள் தம்பி,
லெபோனா (கைநாட்டு)

எழுதியவனின் குறிப்பு: அம்மா, இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஆண்டவர் ஆணுக்குத் தூரத்துக் கண்ணையும் பெண்ணுக்குக் கிட்டத்துக் கண்ணையும் வைத்தார். அவன் நரியைப் பார்க்க வேண்டும், அவள் பேனைப் பார்க்க வேண்டும். இதில் சண்டைக்கு இடமில்லை. தங்கள் கணவர் மோட்சமாய் கொஞ்சம் இளைத்திருப்பது உண்மைதான். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். — ஃபகிசோ.


ஹா லெகாரா
6 மே 1984

அன்புத் தம்பி,

நாங்கள் இருக்கிறோம், நலமாகவே. நீயும் அப்படியே இருக்க வேண்டும். என்னைப் போய் "பெருமதிப்பிற்குரிய" என்று எழுதச் சொன்னது நீயா, ஃபகிசோ அண்ணனா? மோசாவுக்கு வாசித்துக் காட்டினேன், யாரைப் பற்றி என்று கேட்டாள்.

நரி, பேன் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இதைக் கேள். நேற்று என் மாமனார் உப்பு டப்பாவைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்டார். அது அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அதே மனிதர் வாசலில் நின்றபடி எதிர்மலையில் போகும் குதிரை யாருடையது, எந்தக் காலில் நொண்டுகிறது என்று சொல்கிறார். ஆக, கண்ணில் கோளாறு இல்லை. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் நீங்கள் கண்ணையே திறக்கிறீர்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. எதைப் பார்க்காமல் விட்டாலும் ஏச்சு எங்களுக்குத்தான்.

உனக்கு ஒரு பரீட்சை. உன் அத்தானின் இடது காலில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆறு வருடமாகப் பக்கத்துக் குழாயில் குளிக்கிறாய். இனிமேல் போய்ப் பார்க்காமல், இதுவரை பார்த்ததை வைத்துச் சொல். சொல்லிவிட்டால் ஆண்பிள்ளைக் கண்ணைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன்.

சட்டையை, அங்கே வேலைக்குத் திரும்பும் லிபலேசா கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்கிறாரா என்று கவனித்து எழுது.

உன் அக்கா,
மாமோசா


வெல்கம்
17 ஜூன் 1984

பெருமதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் தங்கள் கையில் கிடைக்கும்போது அடக்கம் முடிந்து ஒரு வாரமாவது ஆகியிருக்கும். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, வேலை தொடங்கிய அரைமணி நேரத்துக்குள் மேற்கூரைப் பாறை விழுந்தது. அத்தான் துன்பப்படவில்லை என்கிறார்கள். புதன்கிழமை நானே போய் அடையாளம் காட்டிக் கையொப்பத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்தேன். பாறை முகத்தில் விழுந்ததால் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தங்கள் மாமனாரிடமும் சொல்லியனுப்பினேன்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் கூட வரமுடியவில்லை. மன்னிக்க வேண்டும். மோசாவை அணைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
லெபோனா (கைநாட்டு)


ஹா லெகாரா
1 ஜூலை 1984

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ வருவாய் என்று பார்த்தேன். வண்டி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. நான் துக்கம் காக்கத் தரையில் விரித்த மெத்தையில், தலைமேல் கம்பளி போர்த்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கும் காலடிகளை எண்ணினேன். உன் நடை அதில் இல்லை.

லெபோனா, இப்போது எழுதப்போவதை ஃபகிசோ அண்ணன் மெதுவாகப் படிக்கட்டும். அந்தப் பெட்டியில் இருந்தது அவர் இல்லை.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனால் செத்த மகன் தன் வீட்டுக்குள் வரும்போது அப்பன் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது முறை. மாமனாரும் அவர் தம்பிகளும் திறந்தார்கள். முகம் துணியால் சுற்றியிருந்தது. சட்டையைப் பார்த்தார்கள், பச்சை, நெஞ்சில் மஞ்சள் பட்டை. "என் மகன்தான்" என்று மாமனார் அழுதார். பிறகு என்னை உள்ளே விட்டார்கள். மனைவி கால்மாட்டில் மட்டும்தான் நிற்கலாம். நான் கால்மாட்டில் நின்றேன்.

அவருடைய இடது காலில் இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறிக் கிடக்கும், அம்மா முதுகில் ஏறிய பிள்ளை மாதிரி. ஒவ்வொரு லீவிலும் அந்த விரலிடுக்கில் கொழுப்புத் தேய்த்தவள் நான். பெட்டியில் இருந்த காலில் ஐந்து விரலும் நேராக, வரிசையாக இருந்தன. குதிகால் முழுக்க வெடிப்பு. அவருக்கு வெடிப்பே வராது.

மருமகள் மாமனாரின் முகம் பார்த்துப் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். மாமனாரின் தங்கை மூலமாகச் சொன்னேன். மாமனார் அறைக்கு வெளியே நின்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "செத்தவன் விரல் நேராயிடும். அழுத கண்ணோட பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும்னு அவகிட்ட சொல்லு. சட்ட அவ பின்னுனதுதான? அதையும் இல்லேன்னு சொல்வாளாமா?"

சட்டை நான் பின்னியதுதான். சட்டையா மனிதன்? ஆனால் அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை புதைத்துவிட்டார்கள். என் தலையை மழித்துக் கறுப்புத் துணி போட்டுவிட்டார்கள்.

நீ கண்ணால் பார்த்தவன். முகம் இல்லையென்றால் எதைப் பார்த்து அடையாளம் சொன்னாய்? காலைப் பார்த்தாயா? என் பரீட்சைக்கு நீ பதிலே எழுதவில்லை.

உடனே எழுது.

மாமோசா


வெல்கம்
22 ஜூலை 1984

பெருமதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. துக்கம் மனதைப் பலவாறாக நினைக்க வைக்கும். நான் கண்ணால் பார்த்துத்தான் சொன்னேன். தாங்கள் துக்கத் துணியை முறையாக அணிந்து, மாமனார் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். இங்கே குளிர் அதிகம்.

தம்பி,
லெபோனா (கைநாட்டு)


ஹா லெகாரா
2 செப்டம்பர் 1984

தம்பி லெபோனா,

நாங்கள் இருக்கிறோம். மோசாவுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். ஐந்தாறு வரிதான் இருந்தது. அதில் கால் என்ற சொல்லே இல்லை.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நான் மாபுட்சோ பாலத்துக்குப் போகிறேன். சுரங்க பஸ்கள் எல்லை தாண்டி வந்து நிற்கும் இடத்துக்கு. துக்கத்தில் இருப்பவள் ஊர் சுற்றக்கூடாது என்று மாமனார் வீட்டில் முணுமுணுக்கிறார்கள். மோசாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அடக்கத்தன்றே அவள் காதில் சொல்லிவிட்டேன், "பெட்டியில இருக்குறது அப்பா இல்லடி, வேற யாரோ" என்று. பெட்டிக்கு மண் தள்ளும்போது அவள் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சித்திமார் பேசினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் அவள் முதலில் காலைத்தான் பார்க்கிறாள்.

அவர் ஏதோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கலாம். பெயர் மாறி வேறு சுரங்கத்துக்குப் போயிருக்கலாம். வேறொருத்தியோடு போய்விட்டார் என்று நீ எழுதினாலும் நான் அழமாட்டேன். நன்றாக இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும். அந்த அளவுக்கு வந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்தப் பாறைக்கு அடியில் அவரைத் தவிர வேறு யாராவது செத்தார்களா? ஆம் என்றோ இல்லை என்றோ எழுது. ஒரு சொல் போதும்.

அக்கா,
மாமோசா


வெல்கம்
14 அக்டோபர் 1984

அம்மா மாமோசா அவர்களுக்கு,

இது ஃபகிசோ. லெபோனா சொல்லி நான் எழுதும் கடிதம் இல்லை. நான் சுகம், தங்கள் சுகம் அறிய ஆசை.

தங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டி ஒரு மாதமாகிறது. பதில் சொல்கிறாயா என்று ஒவ்வொரு ஞாயிறும் காகிதத்தோடு உட்கார்ந்தேன். "அப்புறம் அண்ணே" என்றான். கட்டாயப்படுத்தியதில் "உங்க எழுத்துல அத எழுத முடியாதுண்ணே" என்றான். இருபது வருடமாக இந்த விடுதியில் எத்தனை பேருடைய கல்யாணத்தையும் சண்டையையும் எழுதியிருக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது.

பிறகுதான் தெரிந்தது, ஷிஃப்ட் முடிந்து விடுதியில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போகிறான். கரும்பலகையில் அ, ஆ போடுகிற இடத்துக்கு. முப்பது வயது ஆள். பென்சிலை உளி பிடிப்பது போல் பிடிக்கிறான். விளையாட்டாக ஒருநாள் சிரித்தேன், அதற்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

தாங்கள் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியும். இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பொறுத்திருங்கள்.

ஃபகிசோ


ஹா லெகாரா
11 நவம்பர் 1984

லெபோனா,

இருக்கிறோம்.

"இங்கே எல்லாருக்கும் தெரியும்" என்று ஃபகிசோ அண்ணன் எழுதிவிட்டார். அப்படியானால் எனக்கு மட்டும்தான் தெரியாது. மாதக் கடைசியில் மறுபடியும் பாலத்துக்குப் போகிறோம். மோசா அப்பாவுக்கென்று ஒரு வறுத்த சோளக்கதிரை ஒவ்வொரு தடவையும் துணியில் முடிந்துகொண்டு வருகிறாள். திரும்பும் வழியில் அவளே தின்றுவிடுகிறாள்.

நீ எழுதப் படித்து முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டுமா?

மாமோசா


17 பிப்ரவரி 1985

அக்கா

இது நானே எழுதுறேன். ஃபகிசோ அண்ணன் பாக்கல. மொத்தம் நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு எழுத.

ரெண்டு பேரு செத்தாங்க. அத்தானும் ட்சோலோவும். ட்சோலோ நம்ம நாட்டுத் தெற்குல குதிங் பக்கம். மவுண்ட் மோரோசிக்கு மேல, ஹா ராலியெ. ரெண்டு பேரும் ஒரே உயரம்.

சவக்கிடங்குல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல கிடந்தாங்க. துணி மூடியிருந்துச்சு. குமாஸ்தா ஒரு துணிய நெஞ்சு வரைக்கும் எறக்குனான். முகத்த மூடித்தான் வச்சிருந்தான். பச்சச் சட்ட தெரிஞ்சுது. நீ பின்னுனது. "இவரா?"ன்னான். ஆமான்னேன். உடனே வெளிய வந்துட்டேன். மீதி இருந்தது ட்சோலோன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. அவரு ஊர்க்காரங்க யாரும் இங்க இல்ல.

காலு வெளிய நீட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் பாக்கல. உன் பரீட்சக் கடிதாசி வந்தப்ப அத்தான் சிரிச்சு சிரிச்சு காலக் கம்பளிக்குள்ள இழுத்துக்கிட்டாரு. "உங்க அக்காவே சொல்லட்டும்"னாரு. அதனால அது என்னன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஆனா இடது காலுல ஏதோ இருக்குன்னு தெரியும். ஒரு பார்வ பாத்திருந்தா இந்தக் காலுல ஒண்ணும் இல்லியேன்னு தெரிஞ்சிருக்கும். மாடா இருந்தா நாலு காலையும் தூக்கிப் பாத்திருப்பேன்.

இன்னும் இருக்கு.

லீவு குடுத்தாங்க. வண்டியில ஏறி உக்காந்துட்டேன். பெட்டி என் காலுகிட்ட. வண்டி கெளம்புறப்ப ஞாபகம் வந்துச்சு. திங்கக்கெழம காலையில சுரங்கத்துக்குள்ள எறக்குற கூண்டுக்கு வரிசையில நிக்கிறோம். ட்சோலோவுக்குக் குளிர் ஜுரம், பல்லு கிடுகிடுன்னு ஆடுது. அத்தான் சட்டயக் கழட்டி அவருக்குப் போட்டுவிட்டாரு. என் கண்ணு முன்னாடி. நான் அதப் பாத்தேன் அக்கா. பாத்துட்டு மறந்துட்டேன்.

வயித்து வலின்னு சொல்லி எறங்கிட்டேன். நிறுத்துங்க, பெட்டி மாறிப்போச்சுன்னு சொல்லியிருக்கணும். கைநாட்டு வச்சவன் நான். எல்லாரும் என்னப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வண்டி போயிருச்சு. ட்சோலோ பெட்டி மறுநாள் போச்சு. அப்பவும் சொல்லல.

அத்தான் உயிரோட இல்ல. பாலத்துக்குப் போவாத.

லெபோனா


ஹா லெகாரா
14 ஏப்ரல் 1985

லெபோனாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் எழுத்தைப் படித்தேன், ஒரு தப்பும் இல்லை.

பதில் எழுத இரண்டு மாதமானது. முதல் மாதம் உன் பெயரைச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். எட்டு மாதம் நீ வாயை மூடிக்கொண்டிருந்ததில் நான் எட்டு மாதம் அவரை உயிரோடு வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் புதிதாக உயிரோடு. இப்போது ஒரே நாளில் செத்துப்போனார், மெத்தை விரிக்கவும் கூட உட்காரவும் ஆள் இல்லாமல்.

ஈஸ்டர் முடிந்ததும் குதிங்குக்குப் பஸ் ஏறினேன். மாமனார் வீட்டில் பிரார்த்தனைக்குப் போகிறேன் என்றேன். கறுப்புத் துணியைக் கண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஹா ராலியெ மலைமேல் இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ட்சோலோவின் மனைவி பெயர் மாபோலோ. சோளக்கொல்லையில் பறவை விரட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கறுப்பில்தான் இருந்தாள், என்னைவிடச் சின்னவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"லெரிபே."

கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். "லெரிபேக்காரர் இன்னொருத்தர் கூடச் செத்தாருன்னு மட்டும்தான் சொன்னாங்க. கிராமத்துப் பேர் சொல்லல. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்க்கா."

எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்: "இடது காலா?"

நான் அங்கேயே சோளத்தட்டைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் சொல்லியிருக்கிறாள், லெபோனா. இது இவர் கால் இல்லை, விரல்மேல் விரல் ஏறியிருக்கிறது என்று. அவளுடைய கணவனின் அண்ணன், "கல்லு விழுந்தா விரல் எங்க வேணா போகும்" என்றாராம். எங்கள் வீட்டில் செத்தவன் விரல் நேராகிறது. அவர்கள் வீட்டில் கோணலாகிறது. அவளும் அதற்குமேல் பேசவில்லை.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். "அவரு காலை நீங்க பாத்தீங்கள்ல? எப்படி இருந்துச்சு?" நான் சொன்னேன். குதிகால் முழுக்க வெடிப்பு என்றேன். இடது குதியில் ஒரு வெடிப்பு மட்டும் ஆழமாக இருந்தது, அதை யாரோ மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள் என்றேன். "நாந்தான் வச்சேன்" என்றாள். "வேணாம் வேணாம்னாரு. போற அன்னிக்குக் காலப் புடிச்சு உக்காரவச்சு வச்சேன்." அதைச் சொல்லிச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். இவர் காலைப் பற்றி எனக்கும் அவள் சொன்னாள். நகம் வெட்டியிருந்ததாம். காலைச் சுத்தமாகக் கழுவியிருந்தார்களாம். இரண்டு பேரும் பார்த்ததை மாற்றிக் கொடுத்துக்கொண்டோம். எங்களிடம் வேறெதுவும் இல்லை.

உன் அத்தான் அங்கே மலைச்சரிவில் இருக்கிறார். தலைமாட்டில் வேறொருவர் பெயர். நான் மண்ணைத் தொட்டு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவருடைய அப்பா சொல்லியிருக்க வேண்டியதை. தோண்டி மாற்றுவது பற்றி நாங்கள் பேசவில்லை. தெரிந்தும் மூடி வைத்தவர்கள் என்று இரண்டு வீட்டிலும் எங்களைத்தான் பிடிப்பார்கள். அங்கே அவள் இவர் கல்லறைக்குக் கல் அடுக்குவாள், இங்கே நான் அவள் கணவனுக்கு.

ஃபகிசோ அண்ணனிடம் சொல். தூரத்துக் கண், கிட்டத்துக் கண் என்று ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்ததை நீதான் பார்த்தாய், நான் இல்லை. உனக்கு அது பொருட்டாகப் படவில்லை. நான் விரலைப் பார்த்தேன், பொருட்டாகவும் பட்டது. அதை நின்று கத்திச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். அதனால்தான் உன்மேல் என் கோபம் இன்னும் தீரவில்லை.

அடுத்த லீவுக்கு வா. முதலில் ஹா ராலியெ போய் அத்தானின் கல்லறைக்கு முன்னால் நில். பிறகு இங்கே வா.

ஊர் திரும்பிய அன்றே மோசாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பா செத்துட்டாருடி, போன ஜூன்லயே" என்று சொன்னேன். "அப்ப நாம எதுக்கும்மா பாலத்துக்குப் போனோம்?" என்று கேட்டாள். வரும்போது நீயே அவளுக்குச் சொல்.

குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மாமோசா